அப்பாவின் ‘போதும்’

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது ஒத்தடம் கொடுக்கும்போது மட்டும்தான். மற்ற நேரங்களில் சோற்றுத் தட்டைக்கூட அம்மா தரையில் வைத்து நகர்த்துவாள், அப்பா எடுத்துக்கொள்வார். சண்டை ஒன்றும் கிடையாது. அவர்கள் அப்படித்தான்.

புனேயில், கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா டீசல் ஷெட்டில் ஃபிட்டர். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி, குனிந்தும் மண்டிபோட்டும் வேலை செய்வதில் ஆயுளில் பாதியைக் கழித்தவர். ஜோலார்பேட்டையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போக வழி பார்த்தபோது, இவர் மட்டும் வாயைத் திறந்து கேட்காமலே இருந்துவிட்டார். கேட்பது என்பது அவருக்கு ஆகாது. சம்பள உயர்வு, லீவு, இன்னொரு கரண்டி சாம்பார், எதையும் கேட்க மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு வலது முழங்காலில் வலி ஆரம்பித்தது. அதையும் அவர் சொல்லவில்லை. படியேறும்போது கைப்பிடியைப் பிடிப்பதைப் பார்த்து அம்மாவேதான் கண்டுபிடித்தாள். அன்று சாயங்காலமே ஒத்தடம் தொடங்கியது. ஷெட்டிலிருந்து வந்து, மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவி, குளித்துவிட்டு, அப்பா இரும்புக் கட்டிலில் காலை நீட்டி உட்காருவார். அம்மா விளக்கேற்றிவிட்டு, கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வருவாள். துண்டை முக்கிப் பிழிந்து முழங்காலுக்கு மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பாள். முதலில் மிதமான சூடு. அப்புறம் கொஞ்சம் கூட. அப்புறம் இன்னும் கூட.

இதில் ஒரு விஷயம் உண்டு. அம்மாவின் கைக்குச் சூடு தெரியாது. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குகிற கை அது. சப்பாத்தியைத் தணலில் விரலால் புரட்டுவாள். அதனால் துண்டு எவ்வளவு சுடுகிறது என்று அவளால் சொல்ல முடியாது. அப்பாதான் சொல்ல வேண்டும். தாங்கக்கூடிய கடைசி சூடு வந்ததும் அவர் “போதும்” என்பார். உடனே அம்மா துண்டை எடுத்து, காற்றில் ஒருமுறை உதறிவிட்டு, மறுபடி அதே இடத்தில் போடுவாள். அந்தச் சூட்டிலேயே நிறுத்திக்கொள்வாள். அவ்வளவுதான் பேச்சு. தினமும் ஒரு சொல். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனிதர் தன் பெண்டாட்டிக்காகச் செலவழித்த சொல் அது ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன். அம்மாவுக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும்.

வருடக்கணக்கில் இது நடந்தது. அப்பா ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஏரவாடா பக்கம் இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். அங்கேயும் இரும்புக் கட்டிலும் வெந்நீரும் வந்தன. ஆனால் வலி கூடிக்கொண்டே போனது. கீழே பால் பாக்கெட் வாங்கப் போய் வருவதற்கே அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிடும்.

நான் அப்போது கராடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுற்றிலும் வயல், நடுவில் கண்ணாடிக் கட்டடம். சம்பளம் வந்த தைரியத்தில் அப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முழங்காலைத் தொடவே இல்லை. இடுப்பு மூட்டைக் காட்டினார். பந்து தேய்ந்து கிண்ணத்தோடு உரசுகிறதாம். இடுப்பு மூட்டின் வலி சிலருக்கு முழங்காலில் வந்து தெரியுமாம்.

“அப்ப இத்தினி வருசமா நான் வலியில்லாத எடத்துக்கா ஒத்தடம் குடுத்துகினு இருந்தேன்?” என்றாள் அம்மா, ரிக்‌ஷாவில் வரும்போது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. “எனக்கு சொகமாத்தான் இருந்துது” என்று வெளியே பார்த்தபடி சொன்னார்.

ஆபரேஷன் என்றதும் அப்பா அசையவே மாட்டேன் என்றார். கத்திக்கு அவர் பயப்படவில்லை. ஷெட்டில் கூட வேலை பார்த்த ஒருவருக்குப் பழைய முறையில் இடுப்பில் ஆபரேஷன் செய்தபோது இவர் துணைக்குப் போயிருந்தார். மயக்கம் தெளிந்த பிறகு அந்த மனிதர் போட்ட கத்தல் இவர் காதை விட்டுப் போகவில்லை. அவ்வளவு பெரிய ஆம்பிளை, ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுதார் என்று சொல்வார். அப்பா பயந்தது அந்த வலிக்குத்தான். தான் அப்படிக் கத்திவிடுவோமோ என்பதுதான் அவருடைய பயம். கேட்பதற்கே கூச்சப்படுகிறவர் கத்த எப்படிச் சம்மதிப்பார்?

ஆபீஸில் வேலையை விட்டுவிட்டு இன்டர்நெட்டில் தேடினேன். இப்போது சின்னக் கீறல் போட்டு, தசையை அதிகம் வெட்டாமல் மூட்டை மாற்றுகிறார்கள் என்று படித்தேன். ஆபரேஷன் முடிந்த பிறகு வலி தெரியாமல் இருக்கத் தொடையின் நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போடுகிறார்கள் என்றும் படித்தேன். விசாரித்ததில் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் அதைச் செய்தார்கள். அப்பாவிடம் போய், “வலியே இருக்காதுப்பா, நான் பொறுப்பு” என்றேன். எனக்கு நாக்கு நீளம். யாருக்கும் எதற்கும் பொறுப்பேற்கும் நாக்கு.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். என் வயதுதான் இருக்கும், மராட்டிப் பெண். அப்பாவைச் சித்தப்பா முறை வைத்துக் காகா என்று கூப்பிட்டார். அடிவயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி, “இங்கே ஊசி போடுவேன். பைர் ஸோ ஜாயேகா, காகா. கல் சுபஹ் ஜாகேகா” என்றார். கால் தூங்கிவிடும், மறுநாள் காலையில் விழித்துக்கொள்ளும். அது விழிப்பதற்குள் மாத்திரை ஆரம்பித்துவிடுவோம், அதனால் வலி ஒரேயடியாக வந்து அடிக்காது என்று விளக்கினார். எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்கக் கூடாது, தொடை தாங்காது, விழுந்துவிடுவீர்கள் என்று விரலை ஆட்டிச் சொன்னார். அதை அவரும் சொன்னார், நர்ஸும் சொன்னார், சர்ஜனும் சொன்னார். சுடுதண்ணீரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்?

அம்மாவுக்குப் புரியவில்லை. அப்பா அவளுக்கு விளக்கினார். அவர் அவளுக்கு எதையாவது விளக்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “லைன்ல ப்ளாக் போடுவாங்க இல்ல, அந்த மாதிரி. வண்டி வரும். ஆனா சிக்னல் குடுக்காம ஸ்டேஷனுக்கு வெளிய அவுட்டர்லயே நிறுத்தி வச்சிருப்பாங்க. இங்க வேலை நடக்கும்.”

“அப்ப வலி வரும்?”

“வரும். எனக்குத் தெரியாது.”

அம்மா அதற்கும் தலையாட்டினாள். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஆபரேஷன் முடிந்து மதியம் அவரை அறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளிப்புகூட இல்லை. மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் விரல்களால் தொடையைத் தட்டிப் பார்த்தார். கிள்ளிப் பார்த்தார். “வேற யாரோட காலையோ என் பக்கத்துல படுக்க வச்சா மாதிரி இருக்கு” என்று சொல்லிச் சிரித்தார். பயந்து பயந்து காத்திருந்த வலி வரவே இல்லை என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பேச ஆரம்பித்தார். குழியில் ஒருமுறை பாம்பு வந்த கதை, மேஸ்திரியின் டிபன் டப்பாவை ஸ்பானர் பெட்டிக்குள் பூட்டி வைத்த கதை. இந்த ஆளுக்கு இவ்வளவு கதை தெரியுமா என்று நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மா ரொம்ப நாள் கழித்து, ஒரு நாள் கொஞ்சம் இன்னொரு நாள் கொஞ்சமாகச் சொன்னாள்.

விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் அவளுக்குக் கை பரபரத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஊசி ஒருவர், மருந்து ஒருவர், உடம்பு துடைக்க ஒருவர். ஏசி போட்ட அறையில் அப்பாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்திருக்கிறது. கட்டுப் போட்டிருந்த இடுப்புப் பக்கம் அவள் போகவில்லை, அந்த அளவுக்கு அவளுக்கு விவரம் தெரியும். கேன்டீனிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி வந்து, முழங்காலுக்கு மேல், எப்போதும் போடும் அதே இடத்தில் துண்டைப் போட்டிருக்கிறாள்.

அப்பா தடுக்கவில்லை. “வலியே இல்லியே, எதுக்கு?” என்று மட்டும் கேட்டாராம். “நேரமாச்சே” என்றாளாம் இவள். “சரி, குடு” என்று சொல்லிவிட்டு அவர் கதையைத் தொடர்ந்திருக்கிறார்.

அவள் முக்கிப் பிழிந்து போட்டாள். சூட்டைக் கூட்டினாள். போதும் என்று அவர் சொல்லவில்லை. இன்னும் கூட்டினாள். அவர் மறுபடியும் பாம்புக் கதையில் இருந்தார். கால் இவ்வளவு சூட்டையும் கேட்கிறதே, எத்தனை வருஷத்து வலி உள்ளே உறைந்து கிடக்கிறதோ என்று நினைத்தாளாம். கடைசியில் துண்டைக் காலின் மேலேயே விட்டு, ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை அதன் மேல் ஊற்றி, சூடு போகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே போர்வையைப் போர்த்திவிட்டிருக்கிறாள். அப்பா பேசிக்கொண்டே தூங்கிப்போனார். அவர் அவ்வளவு நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துத் தனக்கு அழுகை வந்தது என்று அம்மா சொன்னாள்.

காலையில் நான் இட்லி டப்பாவோடு வந்தபோது அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே நர்ஸ், “அரே தேவா, ஹே காய் ஜால?”, கடவுளே, என்ன ஆச்சு இது என்று பதறி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அப்பாவின் தொடை செக்கச்செவேலென்று, முழங்காலுக்கு மேல் பெரிது பெரிதாகக் கொப்புளம். ஒரு கொப்புளம் உடைந்து படுக்கை நனைந்திருந்தது. அப்பா அதை யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியது வாய் மட்டும்தான். “அறிவிருக்கா உனக்கு? மரத்துப்போன கால்ல போய்க் கொதிக்கிற தண்ணிய ஊத்துவாங்களா?” என்று நடைபாதையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவரு போதும்னு சொல்லலியே” என்றாள். மறுபடியும், “சொல்லுவாருன்னுதானே நான் பாத்துகினே இருந்தேன். சொல்லலியே.”

சர்ஜன் வந்தார். எப்படி ஆனது என்று கேட்டார். அம்மா அறைக்குள் வந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “சாய் கிர் கயா, டாக்டர் சாப். மேரே ஹாத் ஸே.” டீ கொட்டிவிட்டது, என் கையால்தான். சர்ஜன் காயத்தைப் பார்த்தார். அதன் ஓரம், மடித்த துண்டின் ஓரம் போல, நேர்க்கோடாக இருந்தது. டீ எங்கே அப்படிக் கொட்டும்? அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். என்னை மட்டும் வெளியே அழைத்துச் சொன்னார். மூட்டு புதிது. இந்தப் புண்ணில் கிருமி சேர்ந்து அங்கே போய்விட்டால் மறுபடி திறக்க வேண்டிவரும், மூட்டையே எடுக்க வேண்டிவந்தாலும் வரும். காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

வெயில் ஏற ஏற அப்பாவின் கால் விழித்துக்கொண்டது. ஆபரேஷன் செய்த இடத்தில் வலி அவ்வளவாக இல்லை. மாத்திரைக்கு அது கட்டுப்பட்டது. டாக்டர்கள் சொன்ன அத்தனையும் உண்மை. வந்தது தொடையின் எரிச்சல்தான். அவுட்டரில் விடிய விடியக் காத்திருந்த வண்டி அப்போதுதான் உள்ளே நுழைந்தது. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உதட்டைக் கடித்ததில் அது வெளுத்துப்போனது. அம்மா, “எரியுதாங்க?” என்று கேட்டபோது, “ஒண்ணும் இல்ல” என்றார். “ஏக்தம் டீக்கா, நல்லாவே இருக்கேன்.”

தினமும் புண்ணைக் கழுவி வெள்ளைக் களிம்பு போட நர்ஸ் வருவார். அந்த மருந்துத் தட்டின் சத்தம் கேட்டதும் அப்பா அம்மாவிடம், “கீழ போயி டீ குடிச்சிட்டு வா” என்பார். அவள் போனதும்தான் முனகுவார். அவள் திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு தயாராக இருப்பார். கத்திவிடுவோமோ என்று பயந்தாரே, கத்தவே இல்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்து அதைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது. அவர் ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை என்று சொல்லச் சொல்ல அம்மா அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. அவர் சொல்வதையே நம்பி இருந்தவள் அவள்.

மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புண் ஆறியது, நேரான ஓரத்தோடு ஒரு பளபளப்பான வடு மிஞ்சியது. அப்பா முதலில் வாக்கரோடும், அப்புறம் தடியோடும், அப்புறம் வெறுங்கையோடும் நடந்தார். பால் பாக்கெட்டை ஆட்டிக்கொண்டே மாடி ஏறினார். மேல் வீட்டு மராட்டிக்காரர்கள் என்னிடம் அந்த ஆஸ்பத்திரியின் விலாசம் கேட்டார்கள். நான் கொடுத்தேன். நல்ல வைத்தியம்தான் என்று இன்றும் சொல்வேன்.

வீட்டில் மட்டும் எல்லாம் ஆறிப்போயிற்று. அம்மா அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சூடாக எதையும் கொடுக்கவில்லை. காப்பியை ஆற்றி ஆற்றி, ஆடை படர்ந்த பிறகுதான் நீட்டுவாள். குளிக்கும் தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்துகொண்டே இருப்பாள். ரசம்கூட ஆறித்தான் தட்டுக்கு வரும். புனேயில் டிசம்பர் குளிர் எலும்பைப் பிடிக்கும். அந்தக் குளிரிலும் அப்பா பச்சைத் தண்ணீராகிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைப்பார். சூடாக வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவர்தான் எதையும் கேட்க மாட்டாரே.

ஒத்தடம் நின்றுவிட்டது. வலிதான் இல்லையே, எதற்கு? சாயங்காலம் அப்பா கட்டிலில் காலை நீட்டி டிவி பார்ப்பார். அம்மா விளக்கேற்றிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு, சமையலறைக்குப் போய்விடுவாள். அந்த நிற்றலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரையும் உலுக்கி, பேசித் தொலையுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருக்கும். கரண்டில் சூடாகும் ஒரு பட்டை வாங்கி வந்தேன். சூட்டை அளந்து நிறுத்திக்கொள்ளும், பயமே வேண்டாம் என்றேன். அம்மா அதை டப்பாவோடு பரணில் போட்டாள்.

சில வருடங்கள் கழித்து அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. ஷெட்டில் குடித்த புகையெல்லாம் சேர்ந்து கேட்டது. ஆஸ்பத்திரியில் இனிமேல் வைத்துப் பயனில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அதே இரும்புக் கட்டிலில் கிடந்தார். ஜனவரி மாதம், மத்தியான நேரம். நான் லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தேன். ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் முகமூடியை விலக்கி, அம்மா பக்கம் திரும்பினார்.

“காலு சில்லுனு இருக்கு” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “ஒத்தடம் குடேன்” என்றார்.

அப்பா கேட்டு நான் கேட்டதே இல்லை. அம்மா சமையலறைக்குப் போனாள். போனவள் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். வெந்நீரை இறக்கி வைத்துவிட்டு அதில் விரலை விடுகிறாள், முழங்கையை விடுகிறாள், துண்டை நனைத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். நம்பிக்கை வராமல் குழாய்த் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் கலக்கிறாள். “அம்மா, போதும்மா, ஆறிடுச்சு” என்றேன். “உனக்கு இன்னா தெரியும்?” என்றாள்.

கடைசியில் பாத்திரத்தை எடுத்துவந்து, துண்டைப் பிழிந்து, அந்த வடுவின் மேல் போட்டு, இரண்டு கையாலும் பிடித்தாள். நான் துண்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீர். ஐஸாக இருந்தது. அப்பாவின் தொடை ஒருமுறை நடுங்கியது. துண்டைப் பிடுங்கிப் போட்டிருப்பேன். அதற்குள் அவர் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார்.

“போதும்” என்றார்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சுட்டுடுச்சா?” என்றாள்.

“இல்ல. இந்த சூடு போதும்.”

அம்மா அந்தக் குளிர்ந்த துண்டை எடுத்து, சூடு தணியக் காற்றில் ஒருமுறை உதறிவிட்டு, மறுபடி அதே இடத்தில் போட்டாள்.